ஏன் டீச்சரின் சனிக்கிழமைகள்

அந்த மழலையர் பள்ளியில் அவருக்கு 'ஏன் டீச்சர்' என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான். சின்னப் பிள்ளைகள் "ஏன்? ஏன்?" என்று கேட்டுப் பெரியவர்களின் உயிரை எடுப்பது ஊர் வழக்கம். இவர் வகுப்பில் அது தலைகீழ். "டீச்சர், அவன் என் மேல தண்ணி ஊத்திட்டான்" என்று ஒரு குழந்தை வந்து நின்றால் மற்ற டீச்சர்கள் துண்டைத் தேடுவார்கள். இவரோ, "அப்படியா? ஏன் ஊத்தினான்?" என்று முட்டிபோட்டு உட்கார்ந்துவிடுவார். ஊற்றியவனைக் கூப்பிட்டு விசாரணை நடக்கும். நனைந்த குழந்தை நனைந்தபடியே நிற்கும். "அவ செடி மாதிரி நின்னா டீச்சர், அதான்" என்று கடைசியில் ஒரு பதில் வந்துவிட்டால் போதும், அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரிப்பார். துண்டு அதற்குப் பிறகுதான் வரும்.

இதற்கு முன்பு அவர் ஒரு டயர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். டயரைப் பார்த்து ஏன் என்று கேட்க என்ன இருக்கிறது? வட்டமாக இருக்கும், கருப்பாக இருக்கும், விற்கும், அவ்வளவுதான். தன் மகளைக் கொண்டுவந்து விட்ட மழலையர் பள்ளியில் ஆள் குறைகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு வாரம் உதவிக்குப் போனவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அம்மா இன்னும் அந்த வகுப்பைத் தாண்டவில்லை.

அவர் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "லிஃப்ட் நின்னா எதனாலன்னு பாக்க ஒரு புஸ்தகம் இருக்கு. உன் பசங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. எப்படித்தான் சமாளிக்கிறியோ" என்பார். அதுதானே இந்த வேலையின் ருசி என்று டீச்சர் மனதுக்குள் நினைத்துக்கொள்வார்.

வகுப்பறை பெரிதொன்றும் இல்லை. முழங்கால் உயரத்தில் நாற்காலிகள், மூலையில் மரக்கட்டைகள், கதவோரம் ஷூ வைக்கும் தட்டு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதனால் பகலிலும் விளக்கு எரிந்தாக வேண்டும். ஏன் டீச்சருக்குக் குரல் மெலிசு, கத்த வராது. சத்தம் கூரையைப் பிய்க்கிற நேரத்தில் கதவோரம் போய் ஸ்விட்சைத் தட்டி விளக்கை அணைப்பார். திடீரென்று மங்கினதும் பிள்ளைகள் கப்சிப் ஆகிவிடுவார்கள். பிறகு மறுபடி போடுவார். இத்தனை வருஷத்தில் அது கண் இமைக்கிற மாதிரி ஆகிவிட்டது. கைதான் செய்யும், அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அந்த வகுப்புக்குத்தான் வருஷத்தின் நடுவில் எக்ஸ்பிரஸ் வந்து சேர்ந்தான்.

பெயர் வேறு. எக்ஸ்பிரஸ் என்பது டீச்சர் மனதுக்குள் வைத்த பெயர். பார்க்கப் பரம சாது. "வாயில விரல் வச்சா கடிக்கத் தெரியாது டீச்சர் இவனுக்கு" என்று சொல்லித்தான் அவன் அம்மா விட்டுவிட்டுப் போனார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவருக்கு வேலை. முதல் நாளே தெரிந்துவிட்டது, நன்றாகவே கடிக்கத் தெரிந்திருந்தது. கட்டைகளை அடுக்கிக்கொண்டு சமர்த்தாக இருந்தவன் திடீரென்று எழுந்து ஓடினான். ஷூவை எடுத்து மாட்டினான், பட்டையை ஒட்டினான், இரண்டு ஷூவையும் கையால் டப் டப் என்று தட்டினான், பையைத் தூக்கிக்கொண்டு வாசல் கதவில் போய் நின்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வெளியே யாரும் இல்லை என்று தெரிந்ததும் அந்த முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்ட உதவியாளரின் கையைப் பதம் பார்த்துவிட்டான்.

இது ஒரு நாள் கூத்து என்றால் பரவாயில்லை. தினமும் நடந்தது, சில நாள் இரண்டு மூன்று தடவை. ஒரு நாள் தாழ்ப்பாளுக்குக் குறுக்கே நின்ற ஒரு சிறுமியைக் கடித்தான். இன்னொரு நாள் யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் விட, தெருப்படி வரைக்கும் போய்விட்டான். அன்று பள்ளியை நடத்துகிற மேடம் ஏன் டீச்சரைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"நான் கல்நெஞ்சக்காரி இல்ல டீச்சர். ஆனா அவன் ரோட்டுல இறங்கிட்டா யாரு பதில் சொல்றது? மத்த அம்மாங்க என்னைப் பிடிச்சு உலுக்குறாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. அடங்கலன்னா பேரை எடுத்துட வேண்டியதுதான்."

பிள்ளையை வைத்துக்கொள்ள ஆளில்லாமல் அவன் அம்மா எப்படி வேலைக்குப் போவார்? மாலையில் டீச்சர் அவரிடமே கேட்டார்.

"இதுக்கு முன்னாடி இருந்த ஸ்கூல்ல இப்படி ஓடுவானா?"

"ஐயோ, ஒரு புகார்கூட வந்ததில்ல டீச்சர். அந்த டீச்சர்னா இவனுக்கு உசிரு. திடீர்னு ஒருநாள் பூட்டிட்டாங்க. யாருகிட்ட போய்க் கேக்குறது?"

உள்ளே என்ன நடந்தது என்று அம்மாக்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் பார்ப்பது வாசலைத்தானே.

டீச்சர் கண்கொத்திப் பாம்பாகப் பையனைக் கவனித்தார். பசியா? ஓடுவதற்குச் சற்று முன்புதான் பிஸ்கட் தின்றிருந்தான். ஒன்றுக்கு வருகிறதா? இல்லை. சண்டையா? அதுவும் இல்லை. கடைசியில் ஒன்று பிடிபட்ட மாதிரி இருந்தது: வகுப்பில் சத்தம் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் ஓடுகிறான். ஆகா, காது கூசுகிறது பிள்ளைக்கு! சத்தம் குறைவான மூலையில் அவனுக்கு ஒரு மெத்தை போட்டுக் கொடுத்தார். அடுத்த நாள் மெத்தையிலிருந்து எழுந்து ஓடினான். டீச்சருக்கு மண்டை காய்ந்தது.

இப்படி மண்டை காய்கிறவர்களுக்காகத்தான் சனிக்கிழமைக் கூட்டம் இருந்தது.

ஊரில் மழலையர் பள்ளிகளுக்குள் ஆகாது. ஒரு பள்ளியின் டீச்சர் இன்னொரு பள்ளியின் டீச்சரோடு தெருவில் நின்று பேசினால் போதும், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகச் சதி நடக்கிறது என்று மேடங்களுக்குத் தூக்கம் போய்விடும். அதனால் காதும் காதும் வைத்தாற்போல் ஒரு கூட்டம். கைபேசியில் அந்தக் குழுவுக்குப் பெயர் 'தையல் வகுப்பு'. ஏன் டீச்சரின் கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். "இத்தனை நாளா தையல் வகுப்புக்குப் போறே, என் சட்டைப் பித்தான் அப்படியே தொங்குதே" என்று சனிக்கிழமை தோறும் ஒரு இடி இடிப்பார்.

கூடுவது ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியில். கூட்டத்தைக் கட்டி மேய்த்து, சட்டம் போட்டுச் சட்டம் போட்டே 'சட்டம் டீச்சர்' ஆகிவிட்டவரின் தம்பி நடத்துகிற இடம் அது. சுவர் முழுக்க நில், திரும்பாதே, முந்தாதே என்று படங்கள். வாரமெல்லாம் முழங்கால் உயர நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குப் பெரியவர் நாற்காலி கிடைத்ததும் தாங்காது. காலை ஆட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் எல்லாரும் பேசுவார்கள். இறங்கும்போது யாராவது ஒருத்தர் படியில் நின்று தலையை எண்ணிவிடுவார், வேண்டுமென்று அல்ல, பழக்க தோஷம்.

இரண்டே சட்டம். 'நானா இருந்தா' என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது, தான் செய்து பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளையின் பெயரோ பள்ளியின் பெயரோ வாயிலிருந்து வரக் கூடாது. அந்தந்தப் பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துத்தான் பேச வேண்டும். இரண்டாவது சட்டத்தில் சட்டம் டீச்சர் ரொம்பக் கறார். ஒருத்தர் வேலை போனால் பிறகு யார் வருவார்கள் என்பது அவர் கவலை, நியாயமான கவலைதான்.

அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் ஒரு புதுமுகம். புதுமுகம் என்றும் சொல்ல முடியாது, முன்பு எப்போதோ வந்துகொண்டிருந்தவராம். அவர் வேலை பார்த்த பள்ளி மூடிப்போய், இப்போது மருந்துக்கடையில் பில் போடுகிறார். "நான் இப்ப டீச்சரே இல்லையே, நான் எதுக்கு?" என்று மறுத்தவரைச் சட்டம் டீச்சர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, சுவரோரமாக, விருந்துக்கு அழைக்காமல் வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"கடையில யாராவது வரிசையில முந்தினா என்ன பண்ணுவீங்க?" என்று ஒருத்தர் அவரைச் சீண்டினார்.

"நேத்து ஒரு பெரிய மனுஷரைப் பாத்து 'உங்க முறை வரும் கண்ணு, கையைக் கட்டிக்கோங்க'ன்னு சொல்லிட்டேன். கட்டிக்கிட்டாரு" என்றார் மருந்துக்கடை டீச்சர். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார்.

ஏன் டீச்சரின் முறை வந்தது. எக்ஸ்பிரஸைப் பற்றிச் சொன்னார். சத்தம் வந்தால் ஓடுகிறான், மாசக் கடைசிக்குள் அடங்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றார். முடிக்கவில்லை, ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்துவிட்டார்கள். என் வகுப்பில் ஒருத்தி மிக்ஸி சத்தத்துக்கு ஓடினாள், பஞ்சு வைத்துப் பார்த்தேன், பாட்டுப் பாடிப் பார்த்தேன், வாசலில் மணி கட்டிப் பார்த்தேன். ஒருத்தர் சொல்வது இன்னொருத்தர் காதில் விழவில்லை. ஏன் டீச்சர் இரண்டு தடவை "கொஞ்சம் இருங்களேன்" என்று சொல்லிப் பார்த்தார். அந்த மெலிசுக் குரல் எங்கே எடுபடும்? எழுந்து கதவோரம் போனார். கை தன்னால் ஸ்விட்சைத் தட்டியது.

விளக்கு அணைந்தது. மாடியறை மங்கியது.

அந்த நொடியில் நடந்ததை ஏன் டீச்சர் வாழ்நாளில் மறக்க மாட்டார். அத்தனை பேரும் வாயை மூடினார்கள், ஆனால் ஆளுக்கொரு மாதிரி. ஒருத்தர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டார். ஒருத்தர் மேஜையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். இன்னொருத்தர் இரண்டு கையையும் தலைமேல் தூக்கிவிட்டார். சட்டம் டீச்சர் எழுந்து நின்று முன்னால் உட்கார்ந்திருந்தவர் தோளைப் பிடித்து ரயில் விட்டார். பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "இந்த வேலைக்கு வந்தா நாமளும் உருப்படமாட்டோம்" என்றார் தலை சாய்த்தவர்.

ஏன் டீச்சர் சிரிக்கவில்லை. அவர் சுவரோரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மருந்துக்கடை டீச்சர் குனிந்து, நாற்காலிக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்து, காலை நுழைத்து, பட்டையை மாட்டி, இரண்டு செருப்பையும் கையால் தட்டினார். டப் டப்.

"நீங்க ஏன் செருப்பைப் போட்டீங்க?"

மருந்துக்கடை டீச்சர் வெட்கப்பட்டுப்போனார். "சும்மா, பழக்கம். எங்க ஸ்கூல்ல லைட்டை அணைச்சா வீட்டுக்குப் போற நேரம். கடைசியாத்தான் அணைப்பேன். 'ஷூ போட்டாச்சா?'ன்னு கேப்பேன். போட்டுட்டு, நல்லா ஒட்டியிருக்கான்னு தட்டிக் காட்டணும். அப்புறம் 'நாளைக்குப் பாக்கலாம்'. வெளிய அம்மாங்க நிப்பாங்க."

ஏன் டீச்சரின் கை இன்னும் ஸ்விட்சிலேயே இருந்தது. சத்தம் இல்லை. சத்தம் இல்லவே இல்லை. சத்தம் வந்தால் தன் கை விளக்கை அணைக்கிறது, அதைப் பார்த்துத்தான் அவன் ஓடுகிறான். ஓடக்கூட இல்லை பாவம், சொன்னபடி கேட்கிறான். வகுப்பிலேயே சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே பிள்ளை அவன்தான். தினமும் அம்மா வந்துவிட்டார் என்று அவனை வாசலுக்கு அனுப்பி ஏமாற்றிக்கொண்டிருந்தது யார்? வேறு யாருமில்லை, தான்தான்.

"டப் டப்புனு தட்டுவான்" என்றார் ஏன் டீச்சர். "என் எக்ஸ்பிரஸ். ரெண்டு ஷூவையும்."

மருந்துக்கடை டீச்சர் எழுந்துவிட்டார். "இடது ஷூவை முதல்ல போடுவானா? நாக்கைத் துருத்திக்கிட்டு?"

இரண்டு பேரும் சட்டம் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். பெயர் சொல்லாமல் இதற்கு மேல் நகர முடியாது. சட்டம் டீச்சர் ஒரு கணம் யோசித்தார். பிறகு இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, "எனக்கு எதுவும் கேக்கல. சீக்கிரம் பேசி முடிங்க" என்றார். மற்றவர்களும் மளமளவென்று காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அவனேதான்.

மருந்துக்கடை டீச்சர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழமை லைட்டை அணைச்சேன். நாளைக்குப் பாக்கலாம்னா சரியா வராது, ரெண்டு நாள் லீவுன்னு தெரியும். ஆனா பசங்களுக்கு அது பிடிக்கும்னு அப்படியே சொன்னேன். திங்கக்கிழமை போனா கதவுல பூட்டு. எனக்கே யாரும் சொல்லல. ஒவ்வொரு பிள்ளையும் எங்க போச்சோன்னு மருந்துச் சீட்டைப் பாக்குறப்பல்லாம் நினைப்பேன்" என்றார். தலை சாய்த்த டீச்சர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஏன் டீச்சர் ஸ்விட்சின் மேல் ஒரு காகிதப் பூவை ஒட்டினார், பிள்ளைகளுக்காக அல்ல, தன் கைக்காக. சத்தம் ஏறியது. கை தானாகப் போய்ப் பூவில் பட்டுத் திரும்பியது. சத்தம் இன்னும் ஏறியது, கூரை போயிற்று என்றே சொல்லலாம். எக்ஸ்பிரஸ் கட்டைக் கோபுரத்தை விட்டு அசையவில்லை. அந்தச் சத்தத்தில் முக்கால்வாசி அவனுடையதுதான்.

அப்போது அவருக்குள் ஒரு அரிப்பு எடுத்தது. ஒரே ஒரு தடவை அணைத்துப் பார்த்தால் என்ன? இது உண்மையா, வெறும் தற்செயலா என்று தெரிந்துபோகுமே. தெரிந்துகொள்ளாமல் விட்டுப் பழக்கமே இல்லாதவர் அவர். கதவோரம் வரைக்கும் போய்விட்டார். எக்ஸ்பிரஸ் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு கட்டையைச் சரியாக நிற்க வைத்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை அந்த முகம் வாடுவதை என்னால் பார்க்க முடியாது என்று டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். சத்தத்தை அடக்க, சனிக்கிழமை தையல் வகுப்பில் யாரோ சொல்லித் தந்தபடி, தரையில் உட்கார்ந்து தலைமேல் கையை வைத்துக்கொண்டார். பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வேடிக்கை பார்க்க வந்து தாங்களும் வைத்துக்கொண்டார்கள். விளக்கு அளவுக்கு வேகம் இல்லை, ஆனாலும் வேலை செய்தது.

மாலையில் அம்மாக்கள் வாசலில் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, பூவைத் தூக்கி, விளக்கை அணைத்தார். "ஷூ போட்டாச்சா?" என்று கேட்டார்.

எக்ஸ்பிரஸ் நிமிர்ந்து விளக்கைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். நடந்தான், ஓடவில்லை. இடது ஷூ, வலது ஷூ, டப் டப். வாசலில் அவன் அம்மா நின்றிருந்தார்.

மாசக் கடைசியில் மேடம் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். "என்ன மந்திரம் போட்டீங்க டீச்சர்? ஆளே மாறிட்டானே!"

"ஒண்ணுமில்ல மேடம், சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார் ஏன் டீச்சர். வேறு பள்ளியில் விளக்கை எப்போது அணைப்பார்கள் என்று விசாரித்தேன் என்று சொல்ல முடியுமா? எக்ஸ்பிரஸின் பெயர் அப்படியே இருந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் நின்ற அம்மாக்களோடு மருந்துக்கடை டீச்சரும் வந்து நின்றார். ஏன் டீச்சர்தான் வரச் சொல்லியிருந்தார். வரலாமா வேண்டாமா என்று அவர் பாதி மனதோடு வந்திருப்பது நிற்கிற தோரணையிலேயே தெரிந்தது. கடைக்குப் போட்டுக்கொள்கிற நீல அங்கியைக்கூடக் கழற்றவில்லை.

விளக்கு அணைந்தது. எக்ஸ்பிரஸ் பையோடு வெளியே வந்தான். அம்மாவைப் பார்த்தான். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தான். நின்றுவிட்டான்.

"நாளைக்குன்னு சொன்னீங்க" என்றான்.

மருந்துக்கடை டீச்சர் முட்டிபோட்டு அவன் உயரத்துக்கு வந்தார். "ஆமா கண்ணு. சொன்னேன். ஆனா அங்க பூட்டுப் போட்டுட்டாங்க. என்கிட்ட சாவி இல்ல."

அவன் கொஞ்ச நேரம் அதை யோசித்தான். சாவி இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது என்பது அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். பிறகு குனிந்து அவர் காலைப் பார்த்தான்.

"செருப்பு போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றவர், பட்டையை டப் டப் என்று தட்டிக் காட்டினார்.

"அப்ப நாளைக்குப் பாக்கலாம்" என்றான் எக்ஸ்பிரஸ்.

ஏன் டீச்சர் மருந்துக்கடை டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார். சரி என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்!

"நாளைக்கு இல்ல கண்ணு. நாளைக்கு நான் கடைக்குப் போகணும். இன்னொரு நாள் பாக்கலாம்."

"இன்னொரு நாள்" என்று அவன் சொல்லிப் பார்த்தான். வாயில் சரியாகத்தான் இருந்தது போல. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெத்தையைப் பற்றியோ கட்டையைப் பற்றியோ ஏதோ சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனான். திரும்பிப் பார்க்கவே இல்லை. போகிற பிள்ளை திரும்பிப் பார்க்காமல் போனால் நல்லது என்று இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

மருந்துக்கடை டீச்சர் முட்டிபோட்டபடியே இருந்தார். ஏன் டீச்சர் பக்கத்தில் போய், தானும் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் மற்றவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"இதுக்கு மட்டும் ஏன்னு கேக்காதீங்க டீச்சர்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.